ரெண்டு கட்டை தூரம்

முதல் அறை எனக்குத்தான் விழுந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க. சப்பான்காரன் எஞ்சின் வீட்டுக்குள்ள வர்றப்ப நான் சுவிட்ச் போர்டைப் பாத்து நின்னுக்கிட்டிருந்தேன். அவனுக்கு முதுகைக் காட்டினது குத்தமாப் போச்சு. இடது காதுல ங்கொய்னு கிளம்பின சத்தம் நாலு நாள் நிக்கல. அடிச்சிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி எண்ணெய் டின் மேல உக்காந்து மலாய்ல கேட்டான், ஆத்து வரைக்கும் கரண்டு கம்பி இழுக்க எத்தனை பிக்குல் செம்பு வேணும்னு.

என் பேரு தங்கராஜு. மலாய் நாட்டுல செனாவாங் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம், அங்க எஞ்சின் வீட்டு வயர்மேன். அதுக்கு முன்னால சிரம்பான்ல வேலை பாத்தவன். வெள்ளைக்காரத் தொரை மூட்டை கட்டி ஓடின பிறகு சப்பான்காரன் என்னை லாரியில ஏத்திக் கொண்டாந்து இந்தத் தோட்டத்துல இறக்கிவிட்டான். எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். டீசல் ஏது அந்தக் காலத்துல, செம்பனை எண்ணெயை ஊத்தித்தான் ஓட்டினோம். எஞ்சினோட ஒரு டைனமோ, இருநூத்தி இருபது வோல்ட், டிசி கரண்டு. பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் லைட்டு எரிஞ்சுச்சு.

அறைஞ்சவன் சார்ஜன்ட். அவங்க பாசையில குன்சோ. நாங்களும் குன்சோன்னே சொல்லுவோம், பேரு தெரியாது, தெரிஞ்சு பொண்ணா குடுக்கப் போறோம். கொஞ்சம் பசார் மலாய், சந்தையில பேசுற மலாய், பேசுவான். ஆத்தங்கரையில பட்டாளத்து முகாம் போட்டிருந்தாங்க. அங்க தண்ணி இறைக்க ஒரு மோட்டார் பம்பு வைக்கணும், கூட நாலஞ்சு லைட்டு. நாளைக்குக் காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டு முடியறதுக்குள்ள காகிதத்துல எழுதிக் குடுன்னுட்டு எழுந்து போனான்.

ஆத்துப் பக்கம் நான் போனதே இல்ல. முகாம் வந்ததுலருந்து அந்த ரோட்டுல குறுக்கே மூங்கில் கட்டி மறிச்சிட்டாங்க. சீட்டு இல்லாம விறகு பொறுக்கப் போன ஒருத்தனை ரெண்டு காலும் உடைச்சுத் தூக்கிட்டு வந்து கூலிக்காரங்க குடியிருக்குற லயத்து வாசல்ல போட்டாங்க. அதைப் பாத்த பிறகு யாரு போவா. தூரம் தெரிஞ்ச ஆளைத்தான் கேக்கணும். வீரமுத்துவைக் கேட்டேன்.

வீரமுத்து எல்லை மண்டோர், எல்லை வேலைக்குக் கங்காணி. தோட்டத்துலயே பிறந்து தோட்டத்துலயே வளந்தவன். எல்லைக் காடு வெட்டுறது, தண்ணி வடியக் கான் தோண்டுறது, சங்கிலி பிடிச்சு நிலம் அளக்குறது, எல்லாம் அவன் ஆளுங்க வேலை. பொய் சொல்லத் தெரியாது. சொன்னாலும் முகம் காட்டிக் குடுத்துரும்.

"எஞ்சின் வீட்டுலருந்து ஆறு எவ்வளவு தூரம்டா?"

"ரெண்டு கட்டைண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. ஆத்தங்கரையிலதானே ரெண்டாவது கட்டை நிக்குது."

கட்டைன்னா இந்த நாட்டுல மைல்தான். சடக்குன்னு நாங்க சொல்ற பெரிய ரோட்டு ஓரத்துல மைலுக்கு ஒண்ணா கவர்மெண்ட்டு நட்ட கல்லு. பாரோய்க்கு எத்தனை கட்டை, சிரம்பானுக்கு எத்தனை கட்டைன்னுதான் பேச்சு. மலாய்க்காரங்க அதையே பத்துன்னு சொல்லுவாங்க. நம்ம பத்து இல்ல, அவங்க பாசையில பத்துன்னா கல்லு. எனக்கு வேற சந்தேகமே வரல. ரெண்டு மைல்னு எழுதிக்கிட்டேன்.

கணக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தத் திமிரும் உண்டு. டிசி கரண்டுக்கு ஒரு குணம் இருக்கு. ஏசியா இருந்தா வோல்ட்டை ஏத்தி அனுப்பி அந்தப் பக்கம் இறக்கிக்கலாம், மெல்லிசு கம்பி போதும். டிசி அப்படி இல்ல, இங்க என்ன வோல்ட்டோ அதுவேதான் போகும், போற வழியில கம்பியே கொஞ்சம் தின்னுரும். மோட்டாருக்கும் லைட்டுக்கும் சேத்து பத்து ஆம்பியர். இருநூத்தி இருபதுல கிளம்பினா பம்புகிட்ட நூத்தித் தொண்ணூறாவது போய்ச் சேரணும், இல்லேன்னா மோட்டார் முக்கும். அப்ப வழிச்செலவுக்கு முப்பது வோல்ட்டுதான். அதுக்கு ஏத்த தடிமன்ல கம்பி வேணும்.

கம்பியும் ஒண்ணு பத்தாது. போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு. இதைச் சொன்னப்ப லயத்துல சிரிச்சாங்க, "போன கரண்டு திரும்பி வந்து என்னாண்ணே பண்ணப் போவுது, சோறு திங்கவா"ன்னு. ரெண்டு மைல் தூரம்னா நாலு மைல் கம்பி. இதுல இன்னொரு வம்பு இருக்கு. தூரம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா கம்பி நீளம் ரெண்டு மடங்கு ஆவுது, அதே முப்பது வோல்ட்டுக்குள்ள அடக்கணும்னா தடிமனும் ரெண்டு மடங்கு ஆவணும். ஆக மொத்தம் செம்பு நாலு மடங்கு. இதை மனசுல வச்சுக்குங்க.

விடை முப்பத்தாறு பிக்குல் வந்துச்சு. ஒரு பிக்குல்னா ஒரு ஆம்பளை தோள்ல தூக்குற சுமை. முப்பத்தாறு ஆள் சுமை செம்பு. எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்தும் வச்சேன். குன்சோ அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு என் தோள்ல தட்டினான். எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அதுலருந்து ரெண்டு வாரம் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு ஆடினான் பாருங்க. சுத்துப்பட்டுத் தோட்டத்துக்கெல்லாம் இத்தனை பிக்குல்னு பிரிச்சுக் குடுத்தான். பங்களா லைட்டுக் கம்பி, டெலிபோன் கம்பி, இடிதாங்கிப் பட்டை, பழைய மோட்டார்ல சுத்தின கம்பி, எல்லாத்தையும் உரிச்சாங்க. பக்கத்துத் தோட்டத்துல மங்கம்மான்னு பால்மரம் வெட்டுற பொம்பளை ஒருத்தி, எங்கயோ கிடந்த டெலிபோன் கம்பியைத் துணி காயப் போடக் கட்டியிருந்தா. அதை மறைச்சு வச்சிருந்தான்னு சொல்லி துப்பாக்கிக் கட்டையால அடிச்சு வலது கையை முறிச்சாங்க. நூறு கட்டி ஒரு பிக்குல், அந்தக் கொடிக்கம்பி ஒரு கட்டி எடைகூட இருக்காது. கம்பி தர மாட்டேன்னு வாசல்ல குறுக்கே நின்ன ஒரு ஆபீஸ் கிராணியைப் பெரட்டுக் களத்துல முட்டி போட வச்சு, எல்லாரும் பாக்க முகத்துலயே உதைச்சாங்க. மூக்கு எங்க இருந்துச்சுன்னே தெரியல. அந்த ஆள் மூணாம் நாள் செத்தாரு.

நான் இதையெல்லாம் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுட்டு சோறும் தின்னேன். சப்பான்காரன் கொடுமைன்னு சொல்லி மண்ணைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சேன், என் கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு ஒரு நிமிசம்கூட தோணல.

அப்புறம் நாகூர் கனி பாய். சிரம்பான்ல பழைய இரும்புக் கடை வச்சிருந்தவரு, கடற்கரைப் பக்கத்து ஆளு. நான் சிரம்பான்ல வேலை இல்லாம திரிஞ்சப்ப ஆறு மாசம் அவரு வீட்டுச் சோறுதான் தின்னேன். ஒரு நாள் சொல்லிக் காட்டினது கிடையாது. தோட்டங்க பதினாறு பிக்குல் குடுக்கணும், பாய் இருபது குடுக்கணும்னு குன்சோ விதிச்சிட்டான். தோட்டத்துப் பதினாறு வந்து எஞ்சின் வீட்டுல குவிஞ்சுச்சு. பாய் மாட்டு வண்டியில பதினாலு கொண்டாந்தாரு. மிச்சம் ஆறு இல்ல. துவான்னா மலாய்ல தொரை. துவான், ஊரைச் சுரண்டிட்டேன், இனிமே என் வீட்டுல சோத்துப் பானை மட்டும்தான் இருக்கு, அதுவும் மண்ணுன்னாரு.

குன்சோ நம்பல. இரும்புக் கடைக்காரன்கிட்ட செம்பு இல்லைங்கிறதை எவன் நம்புவான். எஞ்சின் வீட்டுக்கு எதிர்ல இருந்த ரப்பர் மரத்துல பாயைக் கட்டிட்டான். மூணு நாள் தவணை, மூணாம் நாள் மத்தியானம் ஆறு பிக்குல் வரலேன்னா தலை போயிரும்னு சொன்னான். முதல் நாளே ரப்பர் குழாயை வாயில வச்சு வயிறு ஊதுற வரைக்கும் தண்ணி விட்டாங்க. அப்புறம் கீழே படுக்க வச்சு பலகையைப் போட்டு அது மேல ரெண்டு பேரு ஏறி நின்னாங்க. தண்ணியும் ரத்தமும் மூக்கு வழியா வந்துச்சு. வலது கை விரலை ஒவ்வொண்ணா பின்னால மடக்கினாங்க. நான் எஞ்சினை விட்டு நகர முடியாது, சன்னல் நேரா அந்த மரத்தைப் பாத்துத்தான் இருக்கு. பாத்துக்கிட்டே நின்னேன்.

மறுநாள் காலையில பாயோட சம்சாரம் சைதூன் பீவி சிரம்பான்லருந்து நடந்தே வந்துட்டாங்க. அக்கா முறைக்கு நான் ராத்தான்னுதான் கூப்பிடுவேன். தட்டாத கதவில்ல, விழாத கால் இல்ல, ஆறு பிக்குலுக்கு ஆறு கட்டிகூடக் கிடைக்கல. என்னை எஞ்சின் வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டு நிறுத்தினாங்க.

"தம்பி, அந்தக் கணக்கைக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"எப்படி ராத்தா கொறைக்க முடியும்? கணக்கு கணக்குதான். நான் நெனைச்சபடி எழுதறதுக்கு அது கடுதாசியா?"

"நீங்க எழுதினதுதானே தம்பி. முப்பத்தாறுன்னு எழுதின கை முப்பதுன்னு எழுதாதா?"

"கம்பி மெலிஞ்சா பம்பு ஓடாது ராத்தா. ஓடலேன்னா என் தலை போயிரும்."

அவங்க முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு மரத்துக்குப் பத்தடி தள்ளி மண்ணுல போய் உக்காந்தாங்க. சோல்ஜருங்க கிட்டப் போக விடல.

அன்னைக்கே குன்சோ எனக்குச் சீட்டு எழுதிக் குடுத்தான். கம்பம் நடுறதுக்கு ஆத்து ரோட்டுல குழிக்கு அடையாளம் போட்டுட்டு வரணும். வீரமுத்துவைக் கூட்டிக்கிட்டு, நிலம் அளக்குற இரும்புச் சங்கிலியைத் தூக்கிக்கிட்டு கிளம்பினேன். எண்பது சங்கிலி ஒரு மைல். அவன் முன்னால இழுத்துக்கிட்டுப் போவான், நான் பின்னால எண்ணி, ரெண்டு சங்கிலிக்கு ஒரு குச்சி அடிச்சுக்கிட்டே வருவேன். நாப்பதுல ஒரு கட்டை நின்னுச்சு, நான் குனிஞ்சு குச்சி அடிக்கிற மும்முரத்துல அதைச் சரியாப் பாக்கல. எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது. எண்பதாவது சங்கிலியில வீரமுத்து நின்னுட்டான்.

"என்னடா நிக்கிற, இழு."

"எங்கண்ணே இழுக்குறது? ஆறு வந்துருச்சு."

நிமிந்து பாத்தா ஆறு. முகாம் கூரை தெரியுது, சோல்ஜர் துணி துவைச்சுக்கிட்டிருக்கான்.

"ரெண்டு கட்டைன்னியேடா."

"ஆமாண்ணே. இதோ ரெண்டாவது கட்டை."

இடுப்பு உசரத்துக்கு ஒரு சிமிட்டிக் கட்டை, வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு, கறுப்புல ரெண்டுன்னு போட்டிருக்கு. பழைய தொரை நட்டதாம். தோட்டத்துக்குள்ள அவன் ரோட்டுக்கு அவனே அரை மைலுக்கு ஒண்ணு நட்டிருக்கான், பால்மரம் வெட்டுறவங்களுக்கு நிரை பிரிச்சு விட வசதியா. தோட்டத்துல பிறந்தவனுக்கு உள்ள இருக்குறதும் கட்டைதான், சடக்குல இருக்குறதும் கட்டைதான். ரெண்டுக்கும் அளவு வேறங்கிறது அவங்களுக்கு ஒரு விசயமே இல்ல. இடத்தைச் சொன்னா எந்தக் கட்டைன்னு தானா புரிஞ்சுக்குவாங்க. நான் டவுன்லருந்து வந்தவன், எனக்குப் புரியல. புரியலேங்கிறதும் புரியல.

ஒரு மைல்தான். நாலுல ஒரு பங்கு. ஒம்பது பிக்குல் போதும். எஞ்சின் வீட்டுல முப்பது பிக்குல் குவிஞ்சு கிடக்கு, ஆறு பிக்குலுக்கு ஒரு மனுசனை மரத்துல கட்டி வச்சிருக்கு.

எனக்கு வந்த கோவத்துல என்ன பண்ணேன் தெரியுமா? வீரமுத்துவை ஓங்கி ஒரு அறை விட்டேன். "அரை மைல் கட்டைன்னு அன்னைக்கே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே"ன்னு கத்தினேன். அவன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சான். "நீங்க எத்தனை கட்டைன்னுதானேண்ணே கேட்டீங்க"ன்னான். நான் எவ்வளவு தூரம்னு கேட்டிருந்தேன், அது அவன் காதுல அப்படித்தான் விழும். வாயை மூடிக்கிட்டு வாடான்னு சொல்லிட்டுத் திரும்பினேன். என்ன தப்புன்னு அவனுக்கு விளக்கிச் சொல்லல. அதுக்குப் பொறுமை இல்ல எனக்கு.

திரும்பி வர்ற வழி பூரா பாய் முகம்தான் கண்ணுல. பாயைக் காப்பாத்திடலாம், செம்பு போதும்னு ஒரு வார்த்தை சொன்னா கட்டவிழ்த்து விட்டுருவான்னு நெனச்சேன். அது மட்டும்தான் நெனச்சேன். ஏன் போதும்னு அவன் கேப்பாங்கிறது மண்டையில ஏறல. குறுக்கு வழி ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு பொய் சொல்லியிருக்கலாம், பொய்க்கு ஏத்த மாதிரி ரெண்டு குச்சியைச் சதுப்புல அடிச்சிருக்கலாம். எல்லாம் பின்னால வந்த புத்தி. நமக்குப் புத்தி என்னைக்கு முன்னால வந்துச்சு.

குன்சோ மரத்தடியில நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தான். பாய் தலை தொங்கிக் கிடந்துச்சு. நான் குனிஞ்சு வணக்கம் வச்சு, துவான், செம்பு போதும், இனிமே வேண்டாம்னேன். அவன் முகம் மலந்துச்சு. பாயை அவிழ்க்கச் சொன்னான். சோல்ஜர் கயித்தை அறுத்தான், பாய் மூட்டை மாதிரி விழுந்தாரு. ராத்தா ஓடிப் போயி தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டாங்க.

அப்பத்தான் அவன் சட்டைப் பையிலருந்து காகிதத்தை எடுத்தான். முப்பத்தாறு. என் கையெழுத்து. இப்ப எத்தனைன்னு கேட்டான். ஒம்பதுன்னு சொன்னேன்.  அவன் காகிதத்துல முப்பத்தாறு மேல விரலை வச்சான். மீதி இருபத்தேழு எதுக்கு, ராணுவத்தை ரெண்டு வாரம் அலைய விட்டது யாரு, எந்த வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்தான்னு கேட்டான். கத்தல, மெதுவாத்தான் கேட்டான். தூரம் ரெண்டு பத்துன்னு சொன்னாங்க துவான், அளந்து பாத்தா ஒரு பத்துன்னேன்.

"சியாப்பா ச்சாக்காப்?" யாரு சொன்னதுன்னு கேக்குறான்.

 என் கண்ணு போன பக்கம் அவன் கண்ணும் போச்சு. வீரமுத்து சங்கிலியைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தான். குன்சோ அவன்கிட்ட போயி, ஆத்துக்கு எத்தனை பத்துன்னு கேட்டான். வீரமுத்துவுக்கு மலாய் அவ்வளவா வராது, இது புரிஞ்சுச்சு. கட்டைக்கு மலாய்ல பத்து, ரெண்டுக்கு டுவா. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

"டுவா பத்து, துவான்."

குன்சோ கன்னத்துல அறைஞ்சான். எத்தனை பத்து? டுவா பத்து. மறுபடி அறை. வீரமுத்து ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினான், தன் மலாய் புரியலையோன்னு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, இப்பத்தானே பாத்துட்டு வர்றோம். ரெண்டு கட்டைதானே?"ன்னான்.

எனக்கு மலாய் நல்லா வரும். தோட்டத்துக் கட்டை அரை மைல் துவான், இவன் சரியாத்தான் சொல்றான், நான்தான் கேட்டுக்கத் தெரியாம கேட்டேன். இவ்வளவுதான். வாயில தயாரா இருந்துச்சு. சொன்னா அடுத்து அந்த மரத்துல யாரைக் கட்டுவான்? என்னை. குன்சோ திரும்பி என்னைப் பாத்தான். நான் தரையைப் பாத்துக்கிட்டு, "டியா ச்சாக்காப், துவான்"னேன். இவன்தான் சொன்னான்னு அர்த்தம். அது பொய்யும் இல்ல பாருங்க.

பாயைக் கட்டியிருந்த அதே கயித்துல மிச்சம் இருந்ததை வச்சு வீரமுத்துவைக் கட்டினாங்க. சங்கிலியை அவன் தோள்லருந்தே எடுத்தாங்க. கண்ணி கண்ணியா கோத்த இரும்பு, அறுபத்தாறு அடி நீளம், பத்துப் பன்னெண்டு மடிப்பா மடிச்சு முறை போட்டு அடிச்சாங்க. முதல் அடியில சட்டை கிழிஞ்சுச்சு, நாலாவதுல தோள் எலும்பு வெளிய தெரிஞ்சுச்சு. அஞ்சு அடிக்கு ஒரு தரம் குன்சோ கிட்டப் போயி எத்தனை பத்துன்னு கேப்பான். ஒண்ணுன்னு சொல்ல வைக்கணும் அவனுக்கு. வீரமுத்து என்ன நெனச்சான்னா, தான் சொல்றதை நம்ப மாட்டேங்கிறாங்க, நிசத்தை விடாம சொன்னா நம்பிருவாங்கன்னு நெனச்சான். டுவா பத்து, டுவா பத்துன்னான். பல்லு போன பிறகு தமிழ்ல ரெண்டு கட்டை, ரெண்டு கட்டைன்னான். ஒண்ணுன்னு சொல்லித் தொலைடான்னு நான் கத்தியிருக்கலாம். அதையும் செய்யல.

பொழுது சாயற வரைக்கும் உயிர் இருந்துச்சு. அவன் பொண்டாட்டி தாயம்மா வேலைக்காட்டுலருந்து ஓடி வந்தப்ப கயித்துல தொங்கினதைப் பாத்து அவ வேற யாரோன்னு நெனச்சு, அவரு எங்கன்னு எங்களைக் கேட்டா. முகம் அப்படி இருந்துச்சு.

மறுநாள் நான் டைனமோ பிரஷ்ஷைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். குன்சோ வந்தான், பழையபடி எண்ணெய் டின் மேல உக்காந்தான். நேத்து நீ ரொம்பப் பயந்துட்டேன்னு சொல்லிச் சிரிச்சான். உன்னை எதுக்குக் கொல்லப் போறேன், வேற ஓராங் லெத்ரிக், கரண்டு வேலை தெரிஞ்ச ஆளு, இங்க யாரு இருக்கா, நாலு அடி போட்டு வேலைக்கு அனுப்பியிருப்பேன்னான். எந்திரிச்சுப் போறப்ப முழு சிகரெட் ஒண்ணு வச்சிட்டுப் போனான். நான் பிரஷ்ஷைத் திருப்பி மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன்.

கம்பி இழுத்தோம். ஒம்பது பிக்குல்தான் பிடிச்சுச்சு, கணக்கு அந்த அளவுக்குச் சுத்தம். பம்பு நல்லா ஓடுச்சு. மிச்சம் இருபத்தொரு பிக்குலை லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, எங்கன்னு தெரியாது. பாய் பிழைச்சுட்டாரு, ஆனா வலது கை விரல் நாலும் மடங்கினது மடங்கினதுதான், சோறு பிசைய ராத்தா வேணும். நான்தான் காப்பாத்தினேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டிருந்தாரு.

வீரமுத்து என்ன தப்பு பண்ணான்னு தாயம்மா கேட்டிருக்கா. தூரத்தைத் தப்பாச் சொல்லிட்டான், அதனாலதான் இவ்வளவு செம்பு, இவ்வளவு அடின்னு தோட்டத்துல சொல்லியிருக்காங்க. யாரு சொன்னதுன்னு கேக்குறீங்களா? நான்தான் சொன்னேன். கேட்டவங்ககிட்டயெல்லாம் சொன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு அவ எஞ்சின் வீட்டுக்கு வந்தா. கழுத்துல ஒண்ணும் இல்ல, கையில ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம். சிரம்பானுக்கு நடந்து போயி பாய் கால்லயும் ராத்தா கால்லயும் விழுந்துட்டு வர்றேன்னா. மங்கம்மாவையும் பாத்துட்டாளாம். செத்த கிராணி வீட்டு வாசல்லயும் போயி நின்னாளாம், அவங்க கதவைச் சாத்திட்டாங்களாம். நான் கடைசி.

"அண்ணே, நீங்க அவரை நம்பித்தானேண்ணே கேட்டீங்க. அவரு தப்பாச் சொல்லப்போயி உங்க உயிருக்கும் ஆபத்தா போயிருச்சு. படிக்காத ஆளுண்ணே, அவருக்கு மைல் கணக்கெல்லாம் தெரியாது. மனசுல வச்சுக்காம மன்னிச்சிருங்கண்ணே."

எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு, அந்தச் சத்தத்துல அவ கத்திக் கத்தித்தான் சொன்னா. நானும் கத்தித்தான் பதில் சொன்னேன். சரி விடும்மா, அவன் என்ன வேணும்னேயா சொன்னான், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலேன்னு சொன்னேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா. பழத்தை நீட்டினா, வாங்கிக்கிட்டேன்.